களைப்புக்கு ஏன் கணக்கில்லை?

தூத்துக்குடி உப்பளங்களில் ஒரு அளவுமானி உண்டு. அடியில் கனம் வைத்து, மேலே கோடுகள் கீறிய கண்ணாடிக் குழாய். அதற்குப் பாமே மானி என்று பெயர். அளத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ‘டிகிரி பாக்கது’ என்பார்கள். கடல்நீர் சுமார் 3 டிகிரியில் தொடங்கி, பாத்தி மாறி மாறி வெயிலில் வற்றி, 25 டிகிரியை நெருங்கும்போது உப்பு பூக்கும். கவனிக்காமல் மேலே போகவிட்டால் மெக்னீசிய உப்புகளும் சேர்ந்து சரக்கு கசந்துவிடும். அதனால் தண்ணீரைக் கைக்குழந்தை மாதிரிப் பார்த்துக்கொள்வார்கள். அந்தத் தண்ணீரில் கணுக்கால் முங்க நிற்கிற பெண்ணின் உடம்பு எவ்வளவு வற்றியிருக்கிறது என்று பார்க்க அங்கே எந்தக் கருவியும் கிடையாது.

என் சித்தி 20 வருடத்துக்கும் மேலாக அந்தப் பாத்திகளில் நிற்கிறார். போன கோடையில் ஊருக்குப் போயிருந்தபோது, தவணையில் வாங்கிய என் கைக்கடிகாரத்தை அவர் கையில் கட்டி அனுப்பினேன். நாடித்துடிப்பு, எத்தனை எட்டு நடந்தோம், எவ்வளவு கலோரி எரித்தோம் என்றெல்லாம் சொல்லுமே, அந்த வகைக் கடிகாரம். அன்றைக்கு அவருக்குப் பாத்தியிலிருந்து உப்பைத் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுகிற வேலை. மத்தியானம் திரும்பி வந்ததும் எடுத்துப் பார்த்தேன். நான் சென்னையில் அலுவலகத்துக்குள் நடக்கிற அளவுகூட அவர் நடந்ததாக அதில் பதிவாகவில்லை. ‘இன்றைய இலக்கை எட்ட இன்னும் கொஞ்சம் நடங்கள்’ என்று ஒரு புத்திமதி வேறு.

காரணம் எளிது. கை முன்னும் பின்னும் வீசுவதை வைத்துத்தான் அந்தக் கடிகாரம் எட்டுகளை எண்ணுகிறது. தலைச்சுமையைப் பிடித்துக்கொண்டு நடப்பவரின் கை வீசாது. கையை வீசி நடக்கிறவர்களுக்காகச் செய்யப்பட்ட கருவி அது. சிரித்துவிட்டுப் போயிருக்கலாம்தான். என்னால் முடியவில்லை.

இந்தக் கரையில் உடம்புகளை யாரும் அளந்ததே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1889இல் தூத்துக்குடியில் முத்துச் சிலாபம் நடந்தபோது சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் நேரில் வந்து பார்த்தார். மறு வருடம் மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு, சங்குக்குளிப்பு பற்றிய அவருடைய குறிப்புகள் நூலாக வந்தன. கல்லைக் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி இறங்குவது, ஒரு நிமிடம் போல அடியில் சிப்பி பொறுக்குவது, மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி இறங்குவது என்று பொழுதுக்கும் நடந்த வேலை அது. பத்து மீட்டர் ஆழத்தில் நெஞ்சுக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கிவிடும். காதிலும் மூக்கிலும் ரத்தம் வருவது அந்தத் தொழிலில் சாதாரணம். மாலையில் கரைக்கு வந்ததும் அரசு எண்ணியது சிப்பியை. எண்ணி மூன்று பங்காகப் பிரித்து இரண்டை அரசு எடுத்துக்கொண்டது, ஒன்று குளித்தவர்களுக்கு. (பரதவ சாதித் தலைவருக்கென்று தனிப் படகுகளின் வரும்படி இருந்தது. ஒரே சாதிக்குள்ளும் மூச்சடக்கியவர் வேறு, முத்து சேர்த்தவர் வேறு.)

அதே தர்ஸ்டன்தான் பிறகு அளவுகருவிகளைத் தூக்கிக்கொண்டு தென்னிந்தியா முழுக்க மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்துகொண்டு திரிந்தார். மூக்கின் அகலத்துக்கும் சாதியின் உயரத்துக்கும் முடிச்சுப் போட்ட ரிஸ்லியின் காலம் அது. ரங்காச்சாரியின் உதவியோடு தர்ஸ்டன் எழுதிய தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய 7 தொகுதிகள் 1909இல் வெளிவந்தன. இன்றைக்கும் தங்கள் சாதியின் பெருமைக்கு அதிலிருந்து ஆதாரம் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆக, இந்த உடம்பு எவ்வளவு சிப்பி தரும் என்று அளந்தார்கள், இந்த உடம்பு எந்தச் சாதி என்று அளந்தார்கள். இந்த உடம்பு எவ்வளவு களைத்தது என்பது மட்டும் யாருடைய ஏட்டிலும் ஏறவில்லை.

களைப்பை அளக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1920களிலேயே இங்கிலாந்தில் ஏ.வி. ஹில் என்ற உடலியல் அறிஞர், ஓடுகிறவர் வெளிவிடும் மூச்சைப் பையில் பிடித்து, ஓட்டம் கூடக்கூட உடம்பு எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது, எந்த இடத்தில் அதற்கு மேல் எடுக்க முடியாமல் நிற்கிறது என்று கணக்கிட்டார். அந்த உச்சத்தைத்தான் இன்றைக்கு விளையாட்டு வீரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். தொழில் உடலியல் அதிலிருந்து ஒரு நடைமுறை வரம்பை உருவாக்கியது. ஒருவர் தன் உச்சத் திறனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் 8 மணி நேர வேலையில் தொடர்ந்து செலவிடலாம். இன்னொரு எளிய வரம்பும் உண்டு. வேலைநேரம் முழுவதற்கும் சேர்த்த சராசரி நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 110ஐத் தாண்டக் கூடாது. இதைப் பார்க்க ஆய்வகம் வேண்டாம். மணிக்கட்டில் இரண்டு விரலும் ஒரு கடிகாரமும் போதும்.

இதில் வெயிலைச் சேருங்கள். வேலை செய்யும்போது இதயம் தசைகளுக்கு ரத்தம் அனுப்ப வேண்டும். சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். ஒரே பம்பு, இரண்டு வாய்க்கால். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். கடற்கரையின் ஈரக் காற்றில் அது ஆவியாகாமல் வழிந்து ஓடும், தண்ணீரும் உப்பும் போகும், சூடு போகாது. 1950களில் அமெரிக்கக் கடற்படையினரின் பயிற்சி முகாம்களில் இளைஞர்கள் வெயிலில் சுருண்டு விழுந்தபோதுதான் வெப்பம், ஈரம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும் ஈரக்குமிழ் கோள வெப்பநிலை என்ற அளவு கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்கத் தொழிற்சுகாதார வல்லுநர்களின் அட்டவணைப்படி, வெயிலுக்குப் பழகிய தொழிலாளி நடுத்தர வேலையை இடைவிடாமல் செய்ய அந்த அளவு 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கடின வேலையை இடைவிடாமல் செய்வதற்கான கட்டத்தில் எண்ணே இல்லை, ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு வேலை நடக்கவே கூடாது என்று அர்த்தம்.

நம் உப்பளங்களில் இந்தக் கருவியை வைத்தே பார்த்துவிட்டார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தது. ஏறத்தாழ 10 பேரில் 9 பேர் பாதுகாப்பான வரம்புக்கு மேலான வெப்பத்தில் வேலை செய்தார்கள். 100க்கு 7 பேரிடம் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. நிகரகுவா, எல் சால்வடார் கரும்புத் தோட்டங்களில் இளம் தொழிலாளர்களின் சிறுநீரகங்கள் செயலிழந்து போவதைப் பற்றி உலகம் 20 வருடமாகப் பேசுகிறது. அங்கே கண்டுகொண்ட மருந்தும் ஒன்றும் அதிசயமானதல்ல: தண்ணீர், நிழல், ஓய்வு.

ஆனால் தண்ணீர் குடிப்பது அளத்தில் அவ்வளவு லேசு இல்லை. கழிப்பறை இல்லாத வெட்டவெளியில் பெண்கள் வேண்டுமென்றே குடிக்காமல் இருக்கிறார்கள். சித்தி காலையில் ஒரு லிட்டர் போத்தலை எடுத்துக்கொண்டு போய், மத்தியானம் பாதியைத் திரும்பக் கொண்டுவருவார். நான் பலமுறை திட்டியிருக்கிறேன். “குடிச்சா எங்கிட்டு ஒதுங்கதுன்னு சொல்லிட்டு ஏசு” என்பார். இது உடலியல் பிரச்சினையா, சாதிப் பிரச்சினையா, பெண் பிரச்சினையா என்று தனித்தனியாகப் பிரித்துப் பேசுகிறவர்கள் ஒருநாள் பன்னிரண்டு மணி வெயிலில் அங்கே வந்து நின்று பார்க்கட்டும். வேலை செய்கிறவர்களில் பெரும்பகுதி பெண்கள். அவர்களில் பெருவாரியானவர்கள் எந்தத் தெருக்களிலிருந்து வருகிறார்கள் என்பது தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் பிறந்த யாருக்கும் தெரியும்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

குறைந்தபட்சக் கூலியை எப்படிக் கணக்கிடுவது என்று 1957இல் 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு தீர்மானித்தது. ஒரு தொழிலாளிக் குடும்பத்தை 3 நுகர்வு அலகுகளாக எடுத்துக்கொண்டது: உழைப்பவர் 1, மனைவி 0.8, இரண்டு பிள்ளைகள் தலா 0.6. ஒரு அலகுக்கு ஒரு நாளைக்கு 2700 கலோரி. குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்துக்குத் தலைவராக இருந்த அய்க்ராய்டு பரிந்துரைத்த எண் அது. யாருக்கான எண் என்றும் அந்தத் தீர்மானமே சொல்கிறது: நடுத்தர உழைப்புள்ள சராசரி இந்தியருக்கு. ஊதியத் தொகுப்புச் சட்டத்துக்காக ஒன்றிய அரசு 2020இல் வெளியிட்ட வரைவு விதிகளிலும் இதே 2700தான். அந்தச் சட்டத்தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. 2019இல் ஒரு நிபுணர் குழு (அனூப் சத்பதி தலைமையிலானது) இதை 2400 ஆகக் குறைக்கலாம் என்றுகூடப் பரிந்துரைத்தது.

சரி, ஒரு சின்னக் கணக்கு போடுவோம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பட்டியல்படி, 65 கிலோ எடையுள்ள ஆண் நடுத்தர உழைப்புக்கு 2710 கலோரியும் கடின உழைப்புக்கு 3470 கலோரியும் சாப்பிட வேண்டும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்குக் கடின உழைப்பில் 2720. சட்டத்தின் கணக்கில் ஆணுக்கு 2700. அவர் மனைவிக்கு 0.8 பங்கு, அதாவது 2160. இருவரும் அளத்தில் வேலை செய்தால் ஆணுக்கு 770, பெண்ணுக்கு 560 என்று ஒரு நாளைக்கு 1330 கலோரி துண்டு விழுகிறது. சுமார் 380 கிராம் அரிசி. இரண்டு பேருக்கு ஒரு வேளைச் சோறு. ‘அவளும் சம்பாதிக்கிறாளே’ என்பீர்கள். சம்பாதிக்கிறார்தான். அவர் கூலியையும் இன்னொரு 3 அலகுக் குடும்பத்துக்கான கூலியாகவா யாரும் தருகிறார்கள்? பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டுக் கடைசியில் சட்டியை வழிக்கிறவர் யாரென்று உங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள்.

இங்கே என்னைத் தொந்தரவு செய்வது அந்த ‘நடுத்தர’ என்ற ஒரு சொல். உழைப்பை அளக்கத் தெரியாததால் போடப்பட்டதல்ல அது. உட்கார்ந்த வேலை, நடுத்தர வேலை, கடின வேலை என்று மூன்று வரிசை அறிவியலில் இருக்கிறது. கூலியை நிர்ணயிக்கும் இடத்தில் நடு வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். யார் எந்த வரிசையில் பிறக்கிறார்கள் என்பதைச் சாதி முடிவு செய்யும் நாட்டில், மூன்றாவது வரிசையைக் கணக்கிலிருந்து எடுப்பது என்பது வெறும் சராசரிக் கணக்கு ஆகாது. போதாததற்கு அந்த மூன்றாவது வரிசைக்காரர்களுக்குத்தான் ‘திறன் பெறாதவர்’ என்ற பட்டமும். மானியைப் போடுவதற்கு முன்பே தண்ணீரின் நிறத்தைப் பார்த்து டிகிரி சொல்கிறவர் என் சித்தி.

துறைமுகப் பக்கம் போனாலும் கதை இதுதான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல், வளர்ந்த ஆண் வழக்கமாகச் சுமப்பதற்கு 55 கிலோவை உச்ச வரம்பாகப் பரிந்துரைத்தது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991இல் போட்ட சூத்திரத்தில், மிக வசதியான நிலையில்கூடத் தூக்கும் எடை 23 கிலோவில்தான் தொடங்குகிறது. நம் சிமெண்ட் மூட்டை 50 கிலோ. 2018இல் யூரியா மூட்டை 50லிருந்து 45 கிலோவாகக் குறைந்தது. சுமப்பவர் முதுகுக்காக என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். வயலில் யூரியா அதிகம் போவதைக் குறைப்பதற்காக.

முத்துச் சிலாபம் 1961ஓடு நின்றுபோனது. சங்குகுளிப்பு நிற்கவில்லை. இப்போது வள்ளத்தில் கம்ப்ரசரை வைத்து, குழாய் வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டு நீண்ட நேரம் அடியில் இருக்கிறார்கள். அப்படி இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழ்விட்டு மூட்டைத் தாக்கும், தண்டுவடத்தைத் தாக்கும், ஆளையே முடக்கும். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் எந்தெந்த இடத்தில் நின்று நின்று மேலே வர வேண்டும் என்ற அட்டவணையை ஹால்டேன் பிரிட்டிஷ் கடற்படைக்காக, ஆடுகளை வைத்துச் சோதித்து 1908இல் வெளியிட்டார். கடற்படைக்காரரின் தண்டுவடத்துக்கு அட்டவணை வந்து நூறு வருடத்துக்கு மேலாகிறது. திரேஸ்புரத்துச் சங்குகுளித் தொழிலாளிக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

அதே 1908இல் இந்த ஊரில் வேறொன்றும் நடந்தது. கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி.யின் துணையோடு வேலைநிறுத்தம் செய்து, கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் வேலைநேரக் குறைப்பும் கேட்டார்கள். நேரம் என்கிற அளவுகோலைத் தொழிலாளர்கள் தங்கள் கையில் எடுத்த தருணம் அது. (பிறகு வ.உ.சி. கோவைச் சிறையில் இழுத்த செக்கு இன்று கிண்டியில் காட்சிக்கு இருக்கிறது. பார்த்து எல்லோரும் நெஞ்சு உருகுகிறோம், உருக வேண்டியதுதான். பிறந்த சாதியின் காரணமாகவே ஆயுள் முழுக்கச் செக்கு இழுப்பவர்களுக்கும் அதில் ஒரு துளி ஒதுக்கலாம்.) 1946இல், வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்த அம்பேத்கர் கொண்டுவந்த திருத்தம் தொழிற்சாலைகளின் வார வேலைநேரத்தை 54 மணியிலிருந்து 48 ஆக்கியது. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, எதிர்ப்பு கிளம்பி மே தினத்துக்குள் பின்வாங்கச் செய்ய முடிந்ததும் மணி என்பது எல்லோருக்கும் புரிந்த அளவாக இருந்ததால்தான். உப்பளத்தில் மணி மட்டும் போதாது. காலை 6 மணியும் மத்தியானம் 12 மணியும் அங்கே ஒரே மணி அல்ல.

அளப்பது என்றதும் ஒரு பயம் வருவது நியாயம். அமெரிக்காவில் 1899இல், பெத்லஹேம் உருக்காலையில் இரும்புப் பாளம் சுமந்த தொழிலாளிகளை டெய்லர் கடிகாரமும் கையுமாக அளந்தார். நாளைக்கு பன்னிரண்டரை டன் சுமந்தவரை நாற்பத்தேழரை டன் சுமக்க வைத்தார். வேலை ஏறத்தாழ நாலு மடங்கு ஆனது. கூலியோ 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர். நாளைக்கே ஏதாவது ஒரு முதலாளி என் சித்தி கையில் கடிகாரத்தைக் கட்டி, ‘பத்து நிமிஷம் சும்மா நின்னிருக்க’ என்று கூலியைப் பிடிக்கவும் கூடும். ஆகவே கருவி யாரிடம் இருக்கிறது என்பது முதல் கேள்வி. ஈரக்குமிழ் கோள வெப்பமானியும் குறிப்பேடும் சங்கத்தின் கையில் இருக்கட்டும். எந்த எண்ணைத் தாண்டினால் நிழலுக்குப் போகலாம் என்பது கூலி ஒப்பந்தத்தில் எழுதப்படட்டும். நிழல் என்றால் கூரை, கழிப்பறை, குடிதண்ணீர் மூன்றும். உப்புக்கும் சுமைக்கும் குறைந்தபட்சக் கூலி போடுகிற ஆலோசனைக் குழுக்கள் கடின உழைப்புக்கான கலோரி வரிசையை எடுத்துக் கணக்குப் போடட்டும். மழைக்காலத்தில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளருக்குத் தமிழ்நாடு அரசு 2022 முதல் தரும் 5000 ரூபாய் நல்ல காரியம், மறுக்கவில்லை. அது வேலையில்லாத நாளுக்கு. நான் கேட்பது வேலையுள்ள நாளைப் பற்றி.

கருவியே இல்லாமலும் அளக்க ஒரு வழி உண்டு. குன்னர் போர்க் என்ற சுவீடன் உளவியலாளர் செய்தது. 6 முதல் 20 வரை எண்கள். 6 என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது, 20 என்றால் இதற்கு மேல் முடியாது. வேலை செய்கிறவரிடமே ‘இப்போ எவ்வளவு கஷ்டமா இருக்கு?’ என்று கேட்க வேண்டும். அவர் சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் பெரும்பாலும் அவருடைய நாடித்துடிப்பை ஒட்டி வரும். இதய நோயாளிகளுக்கான உடற்பயிற்சியில் இன்றும் இதைப் பயன்படுத்துகிறார்கள். இதில் எனக்குப் பிடித்தது, தொழிலாளியின் வாய்ச்சொல்லை ஆதாரமாக ஏற்றுக்கொள்கிற அளவுகோல் என்பதுதான்.

கடிகாரம் சொதப்பிய அன்று சாயங்காலமே சித்தியிடம் இதைக் கேட்டுப் பார்த்தேன். 6 என்றால் என்ன, 20 என்றால் என்ன என்று விளக்கினேன். அவர் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். இன்றைய வேலைக்கு எத்தனை போடுவீர்கள் சித்தி என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அளத்து வேலைக்கு மட்டுமா சொல்லணும், இதையும் சேத்தாட்டீ?”